தெருவிளக்கு எரியலையா? யாரைக் கேட்கணும்?

குழந்தைகளே, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் தெருவிளக்கு பத்து நாளாக எரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? எம்.பி.யிடமா, எம்.எல்.ஏ.விடமா, கவுன்சிலரிடமா?

‘கவுன்சிலரிடம்’ என்றவர்களுக்கு ஒரு சபாஷ்! தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, தெருக்குழாய் எல்லாம் உள்ளாட்சி அமைப்பின் வேலை. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள், ஆம்பூர் நகராட்சியில் 36 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்.

சரி, அந்தக் கவுன்சிலரே இல்லாவிட்டால்? இது கற்பனை இல்லை. வேலூர், ஆம்பூர் மக்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் அப்படித்தான் இருந்தார்கள். 1996, 2001, 2006, 2011 என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் ஒழுங்காக நடந்து வந்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் அடுத்த தேர்தல் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு விதிமுறைப்படி இல்லை என்று அக்டோபர் 4ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதே மாதம் பழைய உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் கிராமங்களுக்குத் தேர்தல் நடந்தது. அதிலும் இந்தப் பகுதிக்கு இடமில்லை. காரணம், அப்போதுதான் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்திருந்தது. (ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது.) வார்டு எல்லைகளைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. கடைசியில் கிராமங்களுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19லும் வாக்குப்பதிவு நடந்தது. 2016ல் ஒன்றாம் வகுப்பு படித்த பிள்ளை அதற்குள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டது!

தனி அலுவலர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால், அடுத்த தேர்தலில் அவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து ஓட்டுக் கேட்கப் போவதில்லை. ‘போன தடவை சொன்ன சாக்கடை என்ன ஆச்சு?’ என்று பாட்டி அவரை மடக்கிக் கேட்க முடியாது.

இப்போது கொஞ்சம் கடினமான கேள்வி. பாலாறு ஏன் இப்படி ஆனது? அதற்கு யாரைக் கேட்பது?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கமெல்லாம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். தோலைக் கெடாமல் வைக்க உப்பு. பதப்படுத்தக் குரோமியம் போன்ற ரசாயனங்கள். அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் சுத்திகரிக்காமல் வெளியேறியதில் கிணறுகள் உப்புக் கரித்தன, நிலங்கள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனாலும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இடையில் 28 ஆண்டுகள்!

தொழிற்சாலைக் கழிவுநீரைக் கண்காணிப்பதும், தவறு செய்தால் மூட உத்தரவிடுவதும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. அது மாநில அரசின் அமைப்பு. ஆகவே வார்டுக்கு நிற்கும் ஒருவர், ‘எனக்கு ஓட்டுப் போட்டால் பாலாற்றைச் சுத்தமாக்கிவிடுவேன்’ என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த அதிகாரம் அவர் கையில் இல்லை.

அதற்காக, ‘எனக்கும் பாலாற்றுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று அவர் நழுவவும் முடியாது. ஊர்ச் சாக்கடையும் குப்பையும்கூட ஆற்றுக்குத்தானே போகின்றன? அதைத் தடுப்பது சாட்சாத் நகராட்சியின் வேலை. குடிநீரும் இப்படித்தான். பக்கத்தில் பாலாறு இருக்க, மேட்டூர் அருகிலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம். தெருத் தெருவாகப் பிரித்துக் கொடுப்பது நகராட்சி. குழாயில் தண்ணீர் வராதபோது தவறு எங்கே என்று தெரிந்தால்தான் சரியான ஆளைப் பிடித்துக் கேட்க முடியும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம்பூரில் பல வீடுகளில் அம்மா ஷூ கம்பெனிக்குப் போவார். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்வார். கிணறு உப்பானதும் அதே வீட்டுக்குத்தான், சம்பளம் வருவதும் அதே வீட்டுக்குத்தான். ‘மூடு’ என்று சொல்வதும் ‘கண்டுகொள்ளாதே’ என்று சொல்வதும் சுலபம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பேசுகிற வேட்பாளர் யார் என்று பார்ப்பதுதான் பெரியவர்களுக்கு உள்ள கஷ்டமான வேலை.

பணம் வாங்கிக்கொண்டால் இந்த யோசனைக்கே இடமில்லாமல் போகும். 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே நிறுத்தினார்கள், தெரியுமா? கோடிக்கணக்கில் பணம் சிக்கியதுதான் காரணம். பிறகு ஆகஸ்ட் 5ல் நடந்த தேர்தலில் வெற்றி வித்தியாசம் வெறும் 8,141 ஓட்டு. உள்ளாட்சித் தேர்தலில் இன்னும் குறைவு. பத்து, இருபது ஓட்டில்கூட முடிவு மாறும்.

வேட்பாளரைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தன் மீது என்ன வழக்கு, தனக்கு என்ன சொத்து என்று அவர் மனுவோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதவே கூடாது என்கிறது. (அன்று நிலம் உள்ளவர்கள்தான் நிற்க முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கிராமத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வேலை இன்னும் அதிகம். அவர்களுக்கு நான்கு ஓட்டு! வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். சீட்டுகளின் நிறமும் வேறு வேறு. முதல் இரண்டில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆளைத் தெரிந்துதான் குத்த வேண்டும்.

உங்களுக்கு 18 வயதாக இன்னும் நாள் இருக்கிறது. ஆனால், கிராமசபையை வேடிக்கை பார்க்க வயது வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள் கூடும். வரவு செலவு படிப்பார்கள். அடுத்த ஆகஸ்ட் 15ல் பள்ளியில் மிட்டாய் வாங்கிக்கொண்டு அப்படியே அப்பாவோடு போய் உட்காருங்கள். நகரத்துப் பிள்ளைகள் இன்று ராத்திரி சாப்பிடும்போது, ‘நம்ம வார்டு நம்பர் என்ன?’ என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் டக்கென்று சொல்கிறார்கள் என்று பார்ப்போம்!