ஒரு சுற்று வெட்டினால் என்ன சார்?



பழைய புல்லட் 350 என்ஜினைப் பிரித்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னீர்கள். சந்தோஷம். ஆனால் வால்வ் ஸ்பிரிங் உட்கார மாட்டேன் என்கிறது என்றதும் நாலைந்து பேர் ஒரே வைத்தியத்தைச் சொன்னீர்கள்: "கட்டிங் வீல்ல ஒரு சுற்று எடுத்துடுங்க சார், ஈஸியா உட்காரும்." ஒரு பட்டறையிலும் இதே பேச்சுதான். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சுருள்வில் தராசு பாடம் நினைவிருக்கிறதா? (யார் யார் தூங்கினீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.) ஒரே எடையைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் நீளும். சுற்று குறைந்தால் மொத்த நீட்சியும் குறையும். அதாவது வெட்டிய ஸ்பிரிங் இளகுவதில்லை, இன்னும் விறைப்பாகிறது. பாதியாக வெட்டினால் விறைப்பு இரண்டு மடங்கு.

பிறகு ஏன் சுலபமாக உட்காருகிறது? உயரம் போய்விட்டதே, அதனால்தான். அமுக்கிப் பூட்ட வேண்டிய தூரத்தையே வெட்டி எறிந்துவிட்டீர்கள். அந்த அமுக்கம்தான் வால்வை இருக்கையோடு இறுக்கிப் பிடித்து வைப்பது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிடிமானம் குறைந்தால் வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கை வழியாகத்தான் இறக்குகிறது; சரியாக உட்காராவிட்டால் விளிம்பு கருகும். பிஸ்டன் வந்து வால்வை முட்டினால் செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெட்டிய முனை தட்டையாகவும் இருக்காது. ஸ்பிரிங் சாய்ந்து நின்று வால்வ் கைடைத் தேய்க்கும்.

"அடம் பிடிக்கிற ஸ்பிரிங்" என்கிறீர்கள். அடம் இல்லை, அதன் வேலையே அதுதான். சொன்னபடி இறங்கும் ஸ்பிரிங்கைத்தான் நான் சந்தேகப்படுவேன். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பழையது குள்ளம். அதைத் திருப்பிப் போட்டிருந்தால் சிரமமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்!

இன்னொன்று, இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, இரண்டு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து "நெம்புடா" என்று வேலை கற்கும் பையனிடம் சொல்லாதீர்கள். ஸ்பிரிங் தெறித்தால் முகத்துக்கு நேராகத்தான் வரும். அந்தப் பையனுக்கு இருப்பது இரண்டே கண். ஜி-கிளாம்ப் மாதிரி இருக்கும் வால்வ் ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு நல்ல டயர் விலைக்குள் கிடைக்கும். வாங்க மனசில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். ஹெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தபடியே கிளாம்பை மெதுவாக முறுக்கினேன். இரண்டு வால்வ் லாக்கையும் கிரீஸ் தடவித் தண்டில் ஒட்டினேன். சின்னதாக இருக்கிறதே, விழாமல் நிற்க கிரீஸ்தான் கை. பிறகு மெதுவாகத் தளர்த்தி, துணியால் மூடி, தண்டின் நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. லாக் பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் ஆனது. பேரன் பின்னால் உட்காரப்போகிற வண்டி இது, அரைமணி நேரம் பெரிசில்லை.

அந்த கம்ப்ரஸர் இப்போது என்னிடம் சும்மாதான் இருக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகலாம். கட்டிங் வீலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.