படி ஒன்று போதாது

முத்தமிழ் என்று மொழியையே மூன்றாகப் பகுத்துப் போற்றியவர் தமிழர். அம்மூன்றனுள் இயற்றமிழ் நூல்கள் பல நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளன. இசைத்தமிழ் நூல்களோ பெயரளவில் நின்றுவிட்டன. பெருநாரை, பெருங்குருகு முதலிய இசை நூல்கள் தம் காலத்திலேயே இறந்துபட்டன என்று சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் வருந்திக் குறித்துள்ளமை அறிஞர் அறிந்ததே. இவை மறைந்தமைக்குக் காரணம் பல கூறலாம். அனைத்திற்கும் அடிப்படையாய் நிற்பது ஒன்று: படியெடுத்து வைப்பார் இல்லாமற் போயினர்.

மாறாக, சங்க நூல்களும் காப்பியங்களும் பிழைத்தது எவ்வாறு? ஒரே நூலின் ஏடு ஒரு மடத்திலும், ஒரு புலவர் வீட்டுப் பரணிலும், ஒரு செல்வர் பெட்டியிலுமாகச் சிதறிக் கிடந்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து பல படிகளைத் திரட்டி ஒப்பிட்டே 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஓர் ஏட்டில் கறையான் அரித்த இடத்தை மற்றோர் ஏடு நிரப்பிற்று. ஆகவே, தமிழ் வாழ்ந்தது ஏட்டால் அன்று. ஏடுகளால் என்பதே பொருந்தும்.

இப்பழங்கதையை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் திருமங்கலத்தின் மண்டபங்களிலும், சுற்றுப்புறச் சிற்றூர்களின் விழா மேடைகளிலும் இன்று ஒலிக்கும் பாட்டுக் கச்சேரிகளின் நிலையை நோக்குங்கால் அப்பழைய அச்சமே நம்முள் மீண்டும் எழுகின்றது.

வெற்றுப் பல்லியம்

முன்பெல்லாம் திருமண வரவேற்பு என்றால் மெல்லிசைக் குழு வரும். கீபோர்டு, கிட்டார், தபேலா, டிரம்ஸ் எனப் பத்துப் பேர் மேடையில் அமர்வர். ஒவ்வொரு பாடலும் அப்பத்துப் பேர் நெஞ்சிலும் விரலிலும் குடியிருந்தது. தபேலாக்காரர் நோயுற்றால் பக்கத்து ஊர்க் கலைஞர் வந்து அமர்வார், கச்சேரி நிற்காது. இன்றோ பாடகர் இருவர், ஒரு மிக்சர், ஒரு மடிக்கணினி, அதனோடு இணைந்த உள்ளங்கையளவு ஹார்டு டிஸ்க். பத்துப் பேர் நெஞ்சில் இருந்த பல்லாயிரம் பாடல்களின் பின்னணி இசை அவ்வொரு பெட்டிக்குள் ஒடுங்கிவிட்டது.

கரோக்கே என்னும் சப்பானியச் சொல்லுக்கு வெற்றுப் பல்லியம் என்பது பொருள். 1971இல் கோபே நகரத்து இசைக்கலைஞர் டைசுக்கே இனோவே அமைத்த கருவி இம்முறை பரவுவதற்கு வழிகோலிற்று. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. கருவி உலகெங்கும் பரவியது. இதனால் வாத்தியக் கலைஞர் பலர் வாய்ப்பிழந்தனர் என்பது வருந்தத்தக்கதே. ஆயினும் பெருஞ்செலவு செய்ய இயலாத குடும்பத்தின் திருமணத்திலும் பாட்டு ஒலிக்கின்றது. மாலையில் பாடிப் பெறும் ஊதியத்தால் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் மாணவரும் உளர். அவர்தம் பிழைப்பு முழுவதும் ஒரு தட்டின் சுழற்சியில் தொங்குகின்றது என்பதே நம் கவலை.

தட்டின் இயல்பு

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலில் வெளியிட்ட வன்தட்டுக் கருவி அலமாரிபோல் பெரிது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அது தாங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. ஐந்து நிமிடப் பாடல் ஒன்று, இன்றைய எம்பி3 வடிவில், ஏறத்தாழ அவ்வளவு இடத்தைக் கொள்ளும். இன்று சட்டைப் பையில் அடங்கும் ஒரு டெராபைட் தட்டில் அத்தகைய பாடல்கள் ஒன்றரை இலட்சத்திற்கு மேல் அடங்கும். கொள்ளளவு பெருகப் பெருக இழப்பின் அளவும் பெருகியது என்பதை மறத்தலாகாது.

அப்பெட்டியினுள் தட்டு நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றது. அதன்மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு கூறினும் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கின்றது. சுழலும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டைக் கீறும். கீறிய இடத்தின் பாடல் போயிற்று. நம் கச்சேரிகளிலோ அத்தட்டை ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலேயே வைப்பாரைக் காண்கிறோம். பேரொலியின் அதிர்வு தட்டின் வேலையைத் தடுமாறச் செய்யும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் எடுக்கும் இடைவேளை, பேருந்துப் பயணத்தின் குலுக்கல், சித்திரை வெயில், வைரஸ், திருட்டு, களைப்பில் தவறான பொத்தானை அழுத்தும் விரல் எனப் பகைகள் பல. சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. வகை வீழ்ச்சியைத் தாங்கும்; ஆனால் அதுவும் முன்னறிவிப்பின்றி இறக்கும். மின்னூட்டமின்றி நெடுங்காலம் கிடந்தால் பதிவு மங்கவும் கூடும்.

உலகியல் காட்டும் பாடம்

பெரியோரும் இதில் தப்பினாரல்லர். தமிழின் முதற் பேசும் படம் எனப் போற்றப்படும் காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. பாடல்கள் நிறைந்த அப்படத்தின் படச்சுருள் ஒன்றேனும் இன்று கிடைத்திலது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படியிருந்த நூலை மீண்டும் வாங்கலாம். படியில்லாச் சுவடியை எங்கே தேடுவது?

கணினி உலகிலும் இதே கதைதான். 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. காப்புப்படி இருக்கின்றது என்று நம்பியிருந்தனர். எடுத்துப் பார்த்தபோது அது சரிவர இயங்கவில்லை. குழந்தைப் பேற்றை ஒட்டி இல்லத்திலிருந்து பணிபுரிந்த பெண்மணி ஒருவரின் கணினியில் இருந்த படியே படத்தைக் காத்தது. 2019இல் மைஸ்பேஸ் என்னும் இணையத்தளம், 2015ஆம் ஆண்டு வரை தன்னிடம் மக்கள் ஏற்றிய பாடல்கள் இடமாற்றத்தின்போது தொலைந்துவிட்டன என்று அறிவித்தது. முதற் செய்தி, சோதித்துப் பாராத படி படியன்று என உணர்த்துகின்றது. இரண்டாவது, பிறர் பெட்டகத்தை மட்டும் நம்பலாகாது என உணர்த்துகின்றது.

காக்கும் முறை

நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் வகுத்த மூன்று, இரண்டு, ஒன்று என்னும் நெறி உலகெங்கும் போற்றப்படுகின்றது. படிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். நம் கச்சேரிக் கலைஞர்க்கு இதனைப் பொருத்திக் கூறுவோம். முதற்படி மடிக்கணினியில் இருக்கட்டும். இரண்டாவது படியை வெளித்தட்டில் எழுதிக் கச்சேரிக்கு உடன்கொண்டு செல்க. ஆனால் கணினிப் பையில் வைக்காது வேறொரு பையில் வைக்க. பை ஒன்று தொலைந்தால் இரண்டும் தொலையக்கூடாதன்றோ? மூன்றாவது படி திருமங்கலத்தில் இருத்தல் வேண்டா; மதுரையிலோ விருதுநகரிலோ உள்ள உறவினர் வீட்டு அலமாரியில் உறங்கட்டும். கணினியோடு இணைக்கப்படாத தட்டை வைரஸ் தீண்டாது.

இன்னும் சில நுட்பங்கள் உள. கரோக்கேப் பாடல்களுள் ஒருவகை, ஒலிக்கு ஒரு கோப்பும் திரையில் ஓடும் வரிகளுக்கு ஒரு கோப்புமாக ஒரே பெயரில் இரட்டையாய் வரும். ஒன்றை மட்டும் படியெடுத்தால் பாடகர் வரியின்றித் திகைப்பார். எப்பாடகர்க்கு எச்சுருதி, எக்கச்சேரியில் எவ்வரிசை என்னும் குறிப்புகளைப் பெரும்பாலும் பாடவைக்கும் மென்பொருள் தனியிடத்தில் சேமிக்கும். பாடல் உறையை மட்டும் எடுத்தால் பல்லாண்டு உழைப்பு விடுபட்டுவிடும். இரு தட்டுகளை எந்நேரமும் ஒத்திருக்கச் செய்யும் முறையைக் காப்பு என மயங்குவாரும் உளர். ஒன்றில் அழித்தது மற்றொன்றிலும் அழியுமாயின் அது கண்ணாடி நிழலேயன்றிக் காப்பாகாது. எனவே பழைய படியைச் சிலகாலம் தனியே வைத்திருத்தல் நன்று. அனைத்திற்கும் மேலாக, திங்கள்தோறும் ஒருநாள் காப்புத்தட்டை வேறொரு கணினியில் இணைத்துப் பத்துப் பாடல்களையேனும் ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும்.

தடையும் விடையும்

'எல்லாம் யூடியூபில் இருக்கின்றதே, தட்டு எதற்கு?' என்று இளைஞர் வினவுவர். மண்டபத்தில் ஆயிரம் கைப்பேசிகள் ஒருங்கே இயங்குங்கால் இணையம் தள்ளாடும். நேற்றிருந்த காணொளி இன்று நீக்கப்பட்டிருக்கும். மேலும், தம் குரலுக்கேற்பச் சுருதி மாற்றிக் கலைஞர் தாமே அமைத்துக்கொண்ட பின்னணி இசை எந்த இணையத்தில் கிடைக்கும்? செலவு மிகும் என்பது இன்னொரு தடை. ஒரு கச்சேரி நடுவில் நின்றால் முன்பணத்தைத் திருப்புவதோடு முடிவதில்லை. அம்மண்டபத்துக்கு அடுத்த அழைப்பும் வாராது. அதனை எண்ணினால் ஒரு தட்டின் விலை பெரிதன்று.

ஆயின் ஓர் எச்சரிக்கை. காப்புப்படி வேறு, களவுப்படி வேறு. உரிய விலை கொடுத்துப் பெற்றதையும் தாமே அமைத்ததையும் காத்துக்கொள்ளுதல் கடமை. படியெடுத்துப் பலர்க்கும் வழங்குதல், பின்னணி இசை அமைத்தவர் உழைப்பைச் சுரண்டுதலாகும். கலைஞரைக் காக்க எழுந்த கருத்து மற்றொரு கலைஞரை வருத்தலாகாது.

திருமண நாள் ஒருவர் வாழ்வில் மீண்டும் வாராதது. அந்நாளின் மகிழ்ச்சியைக் கச்சேரிக் கலைஞரிடம் ஒரு குடும்பம் அமானிதமாக ஒப்படைக்கின்றது. அமானிதத்தைப் பேணுவோர் ஒற்றைத் தட்டை நம்பி மேடையேறுதல் முறையாகாது. நம் தமிழ்த்துறை மாணவர்க்கும் இதில் பங்குண்டு. களப்பணியில் மூதாட்டியரிடம் பதிவு செய்த தாலாட்டும் ஒப்பாரியும் இன்று எத்தனை கைப்பேசிகளில் ஒற்றைப் படியாய்க் கிடக்கின்றன! பாடியவர் மறைந்தபின் அவற்றை மீண்டும் பாடிக்கொடுப்பார் யாருமிலர். சுவடியியலைப் பாடமாகக் கற்பிக்கும் துறைகள், கணினிக் கோப்பைப் படியெடுத்துக் காக்கும் முறையையும் அப்பாடத்தின் பகுதியாக்குதல் வேண்டும். ஏட்டைப் பெயர்த்தெழுதிய கைகளுக்கு நாம் செலுத்தும் நன்றி, நம் காலத்து இசையையும் குரலையும் பல படிகளாக அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதேயாகும்.