வாயில் பழுதானால் வீட்டை இடிப்பதா?

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில், முன்னர் என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய தந்தையார் ரொறன்ரோவில் வாழ்ந்த காலத்தில் பழம்பொருட் கடையொன்றிலே ஒரு சோடி ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாங்கி, ஊர் திரும்பியபோது கப்பலிற் கொண்டுவந்தவர். அவர் காலமாகி ஆறு திங்களாகின்றன. அவர் விரும்பிக் கேட்ட பாட்டுகளை ஒருமுறை கேட்கத் தாயார் ஆசைப்பட்டார். ஒரு பெட்டி பாடியது. மற்றது வாய் திறக்கவில்லை.

"சேர், திருத்துகிறவர் உள்ளே எல்லாம் எரிந்துவிட்டதென்கிறார். சோடியாகத் தந்தால் ஐயாயிரம் ரூபா தருவாராம். கொடுத்துவிடட்டோ?" என்றான்.

"கொடுப்பதற்குமுன் அளந்து பார்ப்போம், தம்பி" என்றேன்.

அம்பிளிபயரை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றினோம். 8 ஓம் என்று குறித்த பெட்டியின் முடிவிடங்களில் மல்ரிமீற்றரை வைத்தால் ஏறக்குறைய 6 ஓம் தடை காட்டும். நல்ல பெட்டி அவ்வாறே காட்டிற்று. மற்றதில் யாதும் இல்லை. பெட்டியை மல்லாக்கக் கிடத்தி, பெரிய கூம்பின் திருகாணிகளை நீக்கித் தூக்கி, அதன் காதுகளிலேயே அளந்தோம். அங்கே 6 ஓம் இருந்தது! எரிந்ததாகச் சொன்ன சுருள் நலமாகவே இருந்தது. பின்புறத்து முடிவிடத் திருகொன்று இடிபட்டு முறிந்து, உட்கம்பி விலகிக் கிடந்தது. மற்றத் திருகிலே பச்சைக் களிம்பு.

வீட்டிலே இதனைச் செய்ய விரும்பும் மாணவர் சில செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். கம்பிகளைக் கழற்றுமுன் எது எங்கே இருந்ததென நிறநூல் கட்டி அடையாளமிடுக. களிம்பை மெல்லிய அரத்தாளாலும் ஸ்பிரிற்றாலும் துடைத்திடுக. புதிய திருகை நேரே சூடாக்கினால் அதன் பிளாஸ்ரிக் உருகிவிடும். ஆதலால் உட்கம்பியை வளையத் தகடொன்றிலே முதலிற் பற்றாசு வைத்து, ஆறியபின் திருகிற் கோத்து இறுக்குக. தப்பிய கம்பியிழை ஒன்று மறுமுடிவிடத்தைத் தொட்டாலும் அம்பிளிபயருக்கு ஆபத்து.

துளையைச் சுற்றி அடைப்புப் பசை இடவும் மறத்தலாகாது. அமெரிக்கரான எட்கார் வில்ச்சர், 1954இல் தோன்றிய அக்கூஸ்ரிக் றிசேர்ச் நிறுவனத்தின் வாயிலாக, மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக்கிக் காட்டினார். அவ்வகைப் பெட்டியிற் காற்றுக் கசிந்தால் அந்த வில் தளர்ந்துவிடும். அந்நிறுவனத்தின் ஏஆர்-3ஏ என்னும் பெட்டியிலோ மூன்று முடிவிடங்கள் உண்டு. '2', 'ரீ' என்பவற்றை இணைக்கும் சிறு தகடு தொலைந்தால் நடுச்சுருதியும் மேற்சுருதியும் ஒலியா. பழையது வாங்குவோர் அத்தகட்டை முதலிற் பார்த்துக்கொள்க.

ஈற்றில், 1.5 வோல்ற்றுப் பற்றறியின் நேர்முனையைச் சிவப்பு முடிவிடத்திலும் மறைமுனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தோம். கூம்பு வெளியே தள்ளிற்று. பெரும்பாலான பெட்டிகளில் இதுவே சரியான முனைவு. பழைய ஜேபிஎல் பெட்டிகள் பலவற்றில் இது தலைகீழாயிருக்கும். எவ்வாறாயினும் இரு பெட்டிகளும் ஒரே திசையில் அசைதல் வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக அசைந்தால் தாழ்சுருதி ஒன்றையொன்று அழித்துவிடும்.

அன்றிரவே பெட்டிகளை அவன் வீட்டிற் சேர்த்தோம். பாட்டு முடியும்வரை தாயார் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "அவர் இதைவிடச் சத்தமாய் வைப்பார்" என்று மாத்திரம் சொன்னார். மாணவன் எழுந்து சத்தத்தைக் கூட்டினான்.

முறிந்த பழைய திருகை ஒரு கடிதவுறையில் இட்டு, பெட்டியின் பின்புறத்தே ஒட்டிவைத்தோம். அதற்கு நாம் செலவிட்டது, அவர் தருவதாகச் சொன்ன பணத்தின் பத்திலொரு பங்குமில்லை. எரிந்துவிட்டதென்று ஒருவர் சொன்னால், எங்கே அளந்தீர்கள் என்று கேட்க நம் பிள்ளைகள் பழகட்டும்.