தலைமைப் பயிற்சியாளரைத் தெரிந்து தெளிதல்

களத்தில் இறங்கி ஆடுவோர் பதினொருவர். ஆயினும் வெற்றிக்கும் தோல்விக்கும் விடை சொல்ல வேண்டியவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவரே. தொழில்முறைக் கால்பந்து உலகில் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் என்பர். இங்கிலாந்தில் மேலாளர் என்று வழங்குவர். அவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் தேர்வுக்கு உள்ளாகிறவர் அவர் மட்டும் அல்லர். தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுவினரும் அன்று தேர்வுக்கு உள்ளாகின்றனர். அவர்கள் தம் அணியை எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பதே அத்தேர்வின் வினா. இதுவே என் துணிபு.

இதற்குச் சான்றாக 1974ஆம் ஆண்டைக் கொள்ளலாம். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்தின் தலைசிறந்த கழகங்கள் இரண்டு தம் மேலாளரை இழந்தன. இரண்டாம் பிரிவில் கிடந்த லிவர்பூலை 1959இல் ஏற்று, மூன்று முறை லீக் பட்டம் பெறச் செய்த பில் ஷாங்க்லி ஓய்வு பெற்றார். லீட்ஸ் யுனைடெட்டுக்கு 1969இலும் 1974இலும் லீக் பட்டம் பெற்றுத் தந்த டான் ரீவி, இங்கிலாந்து அணியின் பொறுப்பை ஏற்றுச் சென்றார். இரு கழகங்களின் முன்னும் நின்ற வினா ஒன்றே: அடுத்தவர் யார்?

லிவர்பூல் தன் இல்லத்துக்குள்ளேயே தேடிற்று. பாப் பெய்ஸ்லி 1939இல் அக்கழகத்தில் சேர்ந்தவர். ஆட்டக்காரராகவும், காயம் பட்டோரைப் பேணுபவராகவும், துணைப் பயிற்சியாளராகவும் அங்கேயே இருந்தவர். ஷாங்க்லியின் நாவன்மை அவருக்கு இல்லை. பதவியை ஏற்கவும் தயங்கினார். முதற்பருவத்தில் லீக்கில் இரண்டாம் இடமே கிட்டியது. கழகம் கலங்கவில்லை. 1983இல் அவர் ஓய்வு பெற்றபோது 6 லீக் பட்டங்களும் 3 ஐரோப்பியக் கோப்பைகளும் லிவர்பூலுக்கு வந்து சேர்ந்திருந்தன.

லீட்ஸ் என்ன செய்தது? தமக்குப் பின் அணியின் மூத்த ஆட்டக்காரர் ஜானி கைல்ஸ் வரலாம் என்று ரீவி பரிந்துரைத்தார். குழுவினர் அதனை ஏற்காது பிரையன் கிளஃபை அழைத்தனர். கிளஃபின் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. 1972இல் டார்பி கவுண்டிக்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தவர் அவர். ஆனால் லீட்ஸ் அணியின் ஆட்டமுறையைப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகச் சாடி வந்தவரும் அவரே. அவரோடு இணைந்து பணியாற்றி வந்த பீட்டர் டெய்லரும் இம்முறை உடன் வரவில்லை. நீங்கள் பெற்ற பதக்கங்களைக் குப்பைக் கூடையில் எறியுங்கள் என்னும் பொருள்பட, தொடக்கத்திலேயே அவர் பேசினார் என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி. 44ஆம் நாளில் அவர் நீக்கப்பட்டார். பெரிதும் அதே ஆட்டக்காரர்களைக் கொண்ட அணி, ஜிம்மி ஆம்ஃபீல்டின் பொறுப்பில், 1975இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றது.

அப்படியாயின் கிளஃப் திறனற்றவரா? அன்று. 1975 ஜனவரியில் அவர் இரண்டாம் பிரிவில் இருந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகத்துக்குச் சென்றார். பின்னர் டெய்லரும் வந்து சேர்ந்தார். 1978இல் லீக் பட்டம். 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பை! ஆள் அவரே; ஆற்றலும் அதுவே; இடம் மட்டுமே வேறு. ஃபாரஸ்டுக்கு அடித்தளத்திலிருந்து கட்டி எழுப்புவோர் தேவைப்பட்டனர். லீட்ஸுக்கோ, கட்டி முடித்ததைக் காத்து மெல்லப் புதுப்பிப்பவர் தேவைப்பட்டார். இவ்வேறுபாட்டை உணராது புகழை மட்டும் நோக்கியதே லீட்ஸ் குழுவினரின் பிழை.

உள்ளிருப்பவரையே அமர்த்துக என்றோ, செல்பவர் சுட்டுபவரையே ஏற்றுக்கொள்க என்றோ இதிலிருந்து ஒரு விதி வகுத்துவிடலாம் எனச் சிலர் கருதக்கூடும். அதுவும் பொருந்தாது. மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013இல் ஓய்வு பெற்றபோது டேவிட் மோயஸை அவரே தேர்ந்தார். ஆறாண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஓராண்டு நிறையுமுன், 2014 ஏப்ரலில், மோயஸ் நீக்கப்பட்டார். மறுபுறம், 2024இல் யூர்கன் கிளாப் விலகியபோது லிவர்பூல் வெளியிலிருந்து, நெதர்லாந்தின் ஃபெயெனூர்ட் கழகத்தின் ஆர்னே ஸ்லாட்டை அழைத்தது. அவர் அணியைக் கலைக்கவில்லை. பெரும்பாலும் இருந்த ஆட்டக்காரர்களைக் கொண்டே 2024-25 பருவத்தின் லீக் பட்டத்தை வென்றார். உள்ளவரா வெளியவரா என்பதைவிட, அணியின் இயல்புக்கு இயைந்தவரா என்பதே முதன்மையான கேள்வி.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை வகுத்ததோடு நிற்கவில்லை. அதனை அடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். ஆராய்ந்து தேர்வது ஒரு கடமை. தேர்ந்தவரைப் பணி செய்ய விடுவது மற்றொரு கடமை. இன்று பல கழகங்கள் முதற்கடமையில் விரைகின்றன, இரண்டாவதை மறக்கின்றன. மூன்று ஆட்டங்கள் தோற்றால் ஆரவாரம். ஐந்து தோற்றால் வெளியேற்றம். 1986 நவம்பரில் பொறுப்பேற்ற ஃபெர்குசன் தம் முதற்கோப்பையை 1990 மே திங்களில்தான் வென்றார். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் அவரை நீக்க வேண்டும் என்ற குரல்கள் எழாமல் இல்லை. அக்குரல்களுக்குக் குழுவினர் பணிந்திருந்தால் பின்வந்த பொற்காலம் ஏது? பொறுமை என்பது கண்ணை மூடிக்கொண்டிருப்பது அன்று. வளரும் இளைஞர் அணி, சீர்ப்படும் ஒழுங்கு, தெளிவு பெறும் ஆட்டமுறை ஆகிய அறிகுறிகளைக் கண்டு காத்திருப்பதே பொறுமை. அவை தென்படாதபோது மாற்றுவதும் கடமையே.

ஆதலின் இயக்குநர் குழுவினர் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுக்குமுன் தம்மிடமே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் அணி இன்று எந்நிலையில் உள்ளது? அதற்கு வேண்டியது காப்பவரா, கட்டுபவரா? தேர்ந்த பின் அவருக்கு எவ்வளவு அதிகாரமும் காலமும் தரப்போகிறோம்? இம்மூன்றுக்கும் விடை காணாதவர்கள் எத்துணைப் புகழ்பெற்றவரை அழைத்து வந்தாலும் மீண்டும் மீண்டும் வாயிலைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பர். நாளை ஏதேனும் ஒரு நிறுவனத்துக்குத் தலைவரைத் தேரும் இடத்தில் அமரப்போகும் நம் மாணவச் செல்வங்கள், 1974இன் அந்த 44 நாட்களை நினைவில் இருத்துவார்களாக.