முப்பத்தாறு மணித்தியாலக் கணக்கு

வன்னி மண்ணில் வயல் செய்பவருக்கு நாட்கணக்கின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. புளியங்குளத்துக் குளக்கட்டின் கீழ் விளைந்த நெல்லைப் பச்சையாக அறுத்தால் பதரே மிஞ்சும். முற்ற விட்டாலோ மணி வயலிலேயே கொட்டிப் போகும். பிள்ளைப்பேறு வேண்டிச் சிகிச்சை பெறும் பெண்ணின் உடலிலும் இவ்வாறான ஓர் அறுவடைக் கணக்கு உண்டு. அங்கே கணக்கு நாட்களில் அன்று, மணித்தியாலங்களிலேயே நடக்கின்றது. இவ்வாரம் அதனைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

பெண்ணின் சூலகத்தில் கருமுட்டை ஒரு சிறு நீர்ப்பைக்குள் வளர்கின்றது. முட்டையின் அளவு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கே. பை வளர்ந்ததும் மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஓர் ஓமோனைப் பெருக்கி இரத்தத்தில் அனுப்புகின்றது. அந்தக் கட்டளை கிடைத்த பின்னரே முட்டை தன் இறுதி முதிர்ச்சியைத் தொடங்கும். ஏறத்தாழ முப்பத்தாறு மணித்தியாலம் சென்றதும் பை வெடித்து முட்டை வெளியேறும். ஆகவே வைத்தியர் முட்டையை எடுக்க வேண்டிய நேரம், அது முதிர்ந்த பின்னரும் பை வெடிக்கு முன்னரும் அமைந்த குறுகிய இடைவெளியாகும். முந்தினால் முட்டை கருக்கொள்ளாது. பிந்தினால் பையில் முட்டையே இராது.

இதைக் கண்டறிய அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இங்கிலாந்தின் றொபேட் எட்வேட்ஸ் மனித முட்டை முதிர்வதற்கு வேண்டிய காலத்தை ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் வைத்தியர் பற்றிக் ஸ்ரெப்ரோவும், ஜீன் பேடி என்னும் தாதியும் அவருடன் இணைந்தனர். லெஸ்லி பிறவுண் என்னும் பெண்ணின் சிறுநீரைச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை சோதித்து, ஓமோன் ஏறும் வேளையைக் காத்திருந்து கண்டுபிடித்தனர். 1977 நவம்பரில் ஒரேயொரு முட்டையை எடுத்தனர். 1978 யூலை 25ஆம் திகதி ஓல்ட்ஹாம் நகரில் லூயிஸ் பிறவுண் பிறந்தாள். எட்வேட்ஸுக்கு 2010ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதனைக் காண உயிருடன் இருக்கவில்லை.

அதே 1978இல், ஒக்டோபர் 3ஆம் திகதி, கல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. இயற்கையின் கட்டளைக்குக் காத்திராமல், ஊசி மருந்தினால் பல முட்டைகளை வளர்த்து எடுத்தார் அவர். கருவைக் குளிரில் உறைய வைத்துப் பின்னொரு மாதத்தில் தாயின் கருப்பையில் வைத்தார். அன்றைய மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. மனம் உடைந்த அவர் 1981 யூனில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். 1986இல் பம்பாயில் இத்தகைய குழந்தையொன்று பிறக்கக் காரணமான குழுவைச் சேர்ந்த ஆனந்தகுமார் என்னும் விஞ்ஞானி, இறந்தவரின் குறிப்புகளைப் படித்து, முதன்மைப் பெருமை அவருக்கே உரியதென்று 1997இல் எழுதினார். தம் புகழைத் தாமே விட்டுக்கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நாம் போற்றுகின்றோம். தமிழகத்தில் வைத்தியர் கமலா செல்வராஜ் 1990இல் இச்சிகிச்சையில் வெற்றி கண்டார்.

இன்றைய முறையில் பத்து, பன்னிரண்டு நாள்கள் ஊசி ஏற்றுவர். ஸ்கான் மூலம் பைகளை அளந்து, பெரியவை 17, 18 மில்லிமீற்றரை எட்டியதும், இயற்கைக் கட்டளைக்கு ஈடான கடைசி ஊசியை இன்ன நேரத்தில் போடும்படி சொல்வர். திங்கள் இரவு பத்து மணிக்கு ஊசியென்றால், புதன் காலை பத்து மணிக்கு முப்பத்தாறு மணித்தியாலம் நிறையும். அதையொட்டியே முட்டை எடுப்பர். இப்போது வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து கொடுத்து, ஸ்கான் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவர்.

கொழும்பிலுள்ளவருக்கு இந்தக் கணக்கு எளிது. 250 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பஸ்ஸிலும் புகையிரதத்திலும் போகும் நம்மவருக்கோ இது பெரும் சோதனை. ஆதலால் சில வார்த்தைகள் சொல்லி வைக்கின்றோம். கடைசி ஊசியின் நேரத்தை எழுதி வாங்குங்கள். அன்றிரவு வழிப்பயணத்தில் இராதீர்கள். இயன்றால் முதல் நாளே சிகிச்சை நிலையத்தின் அருகே தங்குங்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்தாயின் ஐஸ் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். நேரம் தவறிவிட்டால் ஏச்சுக்கு அஞ்சி மறைக்காதீர்கள். ஊசி போட்ட நேரத்தை உள்ளபடி சொன்னால் வைத்தியர் எடுக்கும் நேரத்தை மாற்றக்கூடும். மறைத்தால் பணமும் பாடும் வீணாகும். முட்டை எடுத்த பின் வயிறு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இன்னொரு காலக்கணக்கும் உண்டு. பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் அனைத்தும் சூலகத்தில் அமைந்துவிடுகின்றன. வயது ஏற ஏறக் குறைகின்றன. முப்பத்தைந்துக்குப் பின் விரைந்து குறைகின்றன. போரும் இடப்பெயர்வும் நம் பகுதிப் பெண்கள் பலரின் மணப்பருவத்தை விழுங்கின. 2009க்குப் பின் காலங்கடந்து மணமுடித்தவளைப் பார்த்து ‘மலடி’ என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? உலகில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் பிள்ளைப்பேற்றுத் தடையைச் சந்திப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. குறை கணவனிடத்தும் இருக்கலாம். அவரைச் சோதிப்பது எளிது; செலவும் குறைவு. மனைவியை ஊசிக்கு அனுப்புமுன் அவரும் சோதனைக்குச் செல்வதே முறை.

இச்சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. முதல் முறையே பலிப்பவரும் சிலரே. பலியாதபோது, மாமியாரும் நாத்தனாரும் அந்தப் பெண்ணிடம் காரணம் கேளாமல், ஒரு வாய் சோறு போட்டு அருகில் அமர்ந்திருப்பார்களாயின், அதுவே பேருதவியாகும். வைத்தியர் மணித்தியாலத்தைக் கணக்கிடட்டும்; வீட்டார் அவளுடைய மனத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.