கீர்க்கெகார்டும் ஆழ்வார்குறிச்சித் திண்ணையும்

சென்ற இதழில் கீர்க்கெகார்ட் பற்றி நண்பர் எழுதியிருந்த எட்டுப் பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷப்பட்டேன். இந்த மனிதரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத மாட்டார்களா என்று வெகுநாள் காத்திருந்தவன் நான். இரண்டாம் தடவை கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு என்னுடைய சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதால்.

நண்பர் சொல்வது இது: கீர்க்கெகார்ட் தனிமையின், விரக்தியின் தத்துவவாதி. அவருடைய கிறிஸ்தவம் அவர் காலத்துச் சட்டை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் மனிதனை நாம் எடுத்துக்கொள்ளலாம். டென்மார்க்கின் சர்ச் சண்டை தமிழ்க் கவிஞனுக்கு எதற்கு?

சட்டையைக் கழற்ற ஆரம்பித்தவர் தோலையும் உரித்துவிட்டார். மிஞ்சியிருப்பது கீர்க்கெகார்ட் அல்ல, கொஞ்சம் நோஞ்சானான ஒரு காம்யு.

நண்பர் தரும் மேற்கோள்களிலிருந்தே தொடங்கலாம். மூன்றும் 1843-ல் வந்த 'அல்லது/அல்லது' நூலின் முதல் பாகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. மூன்றுக்கும் கீழே 'கீர்க்கெகார்ட்' என்று போட்டிருக்கிறார். அந்தப் புஸ்தகத்தின் அட்டையில் கீர்க்கெகார்டின் பெயரே கிடையாது. விக்டர் எரெமிடா என்று ஒருவன், பழைய மேஜை ஒன்றின் ரகசிய அறையில் கிடைத்த காகிதங்களைப் பதிப்பித்ததாகச் சொல்லிக்கொள்கிறான். முதல் பாகத்தின் காகிதங்கள் பெயரில்லாத ஓர் இளைஞனுடையவை. 'அ' என்று வைத்துக்கொள்வோம். ரசிகன். சங்கீதம் தெரிந்தவன். எதிலும் ஒட்டாதவன். தன் சலிப்பையே ஒரு கலைப்பொருளாகச் செதுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவன். இரண்டாம் பாகத்தில் கலியாணமான ஒரு நீதிபதி அவனுக்கு நீண்ட கடிதங்கள் எழுதுகிறார்: நீ எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை, ஆகையால் நீ இன்னும் யாருமே இல்லை என்று. அந்த நீதிபதியோடும் கீர்க்கெகார்ட் நின்றுவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 'அ'வின் அறை வெளியேறுவதற்காகக் கட்டப்பட்ட அறை. நாம் அதில் பாயை விரித்துப் படுத்துவிட்டு, வீட்டுக்காரர் நம் கட்சி என்கிறோம்.

இப்படி நடக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. 1846-ல் 'முடிவான விஞ்ஞானமற்ற பின்னுரை'யின் கடைசியில், தன் பெயரைப் போட்டு, ஒரு வேண்டுகோளை அச்சிட்டார்: இந்தப் புனைபெயர் நூல்களிலிருந்து எடுத்தாள்பவர்கள் தயவுசெய்து அந்தந்தப் புனைபெயர்க்காரனின் பெயரைப் போடவும், என் பெயரைப் போட வேண்டாம். நூற்றெழுபது வருஷங்களுக்கு மேலாக அச்சில் இருக்கிற வேண்டுகோள். நண்பர் கண்ணில் படவில்லை.

அடுத்தது 'விரக்தி'. நண்பர் கட்டுரை முழுக்க இந்தச் சொல் நிரம்பிக் கிடக்கிறது. நம் கவிதைகளிலும் அப்படித்தான். 1849-ல் வந்த 'மரணத்துக்கு ஏதுவான வியாதி' பேசும் விஷயத்துக்கு இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. விரக்தி என்றால் பற்று நீங்குதல். அதில் கொஞ்சம் காவி வாசனை உண்டு, ஒரு கௌரவம் உண்டு. விரக்தி வந்தவரை ஊரில் மரியாதையாகப் பார்ப்பார்கள். கீர்க்கெகார்ட் சொல்வதில் அந்த மரியாதைக்கு இடம் கிடையாது. தான் தானாக இருக்க மறுப்பது, அல்லது தன்னைப் படைத்தவனை மறுத்துவிட்டுத் தானாகவே இருப்பேன் என்று முரண்டு பிடிப்பது, இரண்டும் அந்த வியாதிதான். மனநிலை அல்ல அது. சிரித்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு இருப்பவனுக்கும் அது இருக்கலாம். இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமலே இருக்கலாம். நூலின் இரண்டாம் பாதி அதைப் பாவம் என்றே நேராகச் சொல்கிறது. பழைய தமிழ் பைபிளில் 'மனமுறிவு' என்ற சொல் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். ஆனால் நாம் பைபிள் தமிழைத் தொடுவதில்லையே, அது பிரசங்கத் தமிழ் அல்லவா.

இந்தக் குழப்பம் நண்பரோடு ஆரம்பித்ததல்ல. எஸ்.வி. ராஜதுரையின் எக்ஸிஸ்டென்ஷியலிச அறிமுக நூலை 1975-ல் க்ரியா வெளியிட்டது. அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் படித்ததெல்லாம் சார்த்தரும் காம்யுவும் காஃப்காவும்தான். 1945-ல் சார்த்தர் பாரிஸில் நிகழ்த்திய பிரசித்தி பெற்ற சொற்பொழிவில், எக்ஸிஸ்டென்ஷியலிஸ்டுகளில் இரண்டு வகை என்று பிரித்து, யாஸ்பர்ஸையும் மார்ஸலையும் கிறிஸ்தவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, தானும் ஹைடெக்கரும் நாஸ்திகர் பக்கம் என்றார். நாங்கள் அந்தப் பக்கமாக நடந்துபோய்விட்டோம். கீர்க்கெகார்டைச் சுவரில் தாத்தா படமாக மாட்டினோம். மாலை போட்ட படத்தோடு யாரும் பேசுவதில்லை.

இனி அந்நியம் என்கிற விஷயம். நண்பர் சென்னையில் இருக்கிறார். அவருக்கு டென்மார்க் தூரமாகத் தெரியலாம். நான் ஆழ்வார்குறிச்சிக்காரன். (2019-ல் எங்களைத் தென்காசி மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு நாக்கு இன்னும் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் புரள்கிறது.) தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்குக்காரர்கள் கையில் இருந்தது. 1706-ல் ஸீகன்பால்கை அங்கே அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக். தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது அங்கேதான். அந்தக் கோட்டையை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்ற வருஷத்தில் கீர்க்கெகார்டுக்கு வயது முப்பத்திரண்டு. பத்து வருஷம் கழித்து அவர் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டது அந்த ராஜாக்களின் அதே ராஜாங்கச் சபையோடுதான். அவர் பெயருக்கே டேனிஷில் கல்லறைத் தோட்டம் என்று அர்த்தம் வரும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தினமும் புழங்கும் வார்த்தை.

ரெகினா ஓல்ஸனோடு நிச்சயமானதையும் 1841-ல் அதை அவர் முறித்ததையும் நண்பர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். காதல் தோல்வி என்றால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஆனால் அவருடைய கடைசி வருஷத்துக்கு நண்பர் ஒதுக்கியது ஒன்றரை வரி. எனக்கு அந்த வருஷம்தான் முக்கியம்.

1854 ஜனவரியில் பிஷப் மூன்ஸ்டர் இறந்தார். அவரைச் 'சத்தியத்தின் சாட்சி' என்று புகழ்ந்து பிரசங்கித்தார், அடுத்து பிஷப் ஆகப்போகிற மார்டென்ஸன். கீர்க்கெகார்ட் அந்த டிசம்பர் வரை பொறுத்திருந்து, பிறகு பத்திரிகையில் வெடித்தார். சாட்சி என்றால் அடிபட்டவன், ஏழ்மைப்பட்டவன், கொல்லப்பட்டவன். சர்க்கார் சம்பளம் வாங்கி, பட்டுடுத்தி, விருந்து சாப்பிட்டுச் செத்தவன் எப்படிச் சாட்சி ஆவான்? டென்மார்க்கில் பிறந்தவன் எல்லாம் கிறிஸ்தவன் என்றால் கிறிஸ்தவன் என்று அங்கே யாருமே இல்லை. இதுதான் வாதம். 1855 மே மாதத்திலிருந்து 'கணம்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். எழுதியவர் அவர் ஒருவரே. ஒன்பது இதழ்கள் வந்தன. பத்தாவது எழுதித் தயாராக இருந்தபோது தெருவில் விழுந்தார். அப்பா விட்டுப்போன கம்பளி வியாபாரச் சொத்து அதற்குள் ஏறக்குறையக் கரைந்துவிட்டது. நவம்பர் 11-ம் தேதி, நாற்பத்திரண்டு வயதில், ஆஸ்பத்திரியில் மரணம். பாதிரியார் கையால் நற்கருணை வாங்க மறுத்துவிட்டார். சாதாரண விசுவாசி ஒருவன் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றார். அண்ணன் பாதிரி; அவரைப் பார்க்கவே மறுத்தார். சிறுபத்திரிகை நடத்திக் கைப்பணத்தைக் கரைத்தவர்கள் நம்மிடையே உண்டு. இந்தப் பக்கத்தை நாம் எப்படித் தாண்டிப் போனோம்?

தாமிரபரணிச் சமவெளியில் இந்தச் சண்டைக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. பாளையங்கோட்டையில் 1820 முதல் ஊழியம் செய்த ரேனியஸ், இங்கிலீஷ் சபையின் முறைகளை எழுத்தில் விமர்சித்ததற்காக 1835-ல் மிஷனிலிருந்து நீக்கப்பட்டார், சபைகள் பிளந்தன. கீர்க்கெகார்ட் இறந்து இரண்டு வருஷத்தில், 1857-ல், நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை வெள்ளைக்காரப் பாதிரிமார்களை உதறிவிட்டு இந்துக் கிறிஸ்தவ சபை என்று தனியாகக் கண்டார். மறு வருஷம் கரையிருப்பு கிருஷ்ணபிள்ளை, வைஷ்ணவக் குடும்பத்துப் பிள்ளை, ஞானஸ்நானம் வாங்கினார். அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று சொல்லி அலமாரியில் பூட்டிவிட்டோம். முப்பது வயதில் ஒரு மனிதன் குலம், கோத்திரம், உறவு எல்லாவற்றுக்கும் எதிராக ஒரு முடிவை எடுத்தானே, அந்த முடிவைப் பற்றி நவீன விமர்சனம் என்ன எழுதியிருக்கிறது? அந்த முடிவு பேரன் காலத்தில் சர்ட்டிபிகேட்டில் ஒரு வரியாகிவிடுகிறது. பிறப்பால் கிறிஸ்தவன், பிறப்பால் சைவன். கூடவே பிறப்பால் ஜாதி, கோயிலுக்குள்ளும் கூடவே வரும், கல்லறைத் தோட்டத்துக்குள்ளும். கோபன்ஹேகனில் அவர் கேட்ட கேள்வி இங்கே எதிலெல்லாம் போய்க் குத்தும் என்று நண்பர் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

யோசிக்காமல் சிறுத்தொண்டரைக் கொண்டுவருகிறார். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதைக்காக 'பயமும் நடுக்கமும்' என்று ஒரு நூல் வேண்டுமா, நம்மிடம்தான் பிள்ளைக்கறி சமைத்த சிறுத்தொண்டர் இருக்கிறாரே என்கிறார். சிவசைலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினார்கள் (இப்போது நினைத்தால் விபரீதமாக இருக்கிறது). நண்பர் பெரியபுராணத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. வந்த பைரவர் வைக்கும் நிபந்தனை என்ன? ஒரு குடிக்கு ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும். தாய் பிடிக்க, தகப்பன் அரிய வேண்டும். இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும். உவப்பே நிபந்தனை. நடுங்கினால் விரதம் கெட்டது. மனைவிக்குத் தெரியும், தாதிக்கும் தெரியும். அடியார் தலைக்கறி கேட்பார் என்று முன்யோசனையாகத் தனியே சமைத்து வைத்ததே அந்தத் தாதிதான். ஒரு குடும்பமே சேர்ந்து செய்கிற காரியம் அது. ஆபிரகாம் சாராளிடம் சொல்லவில்லை. வேலைக்காரர்களை மலையடியில் கழுதையோடு நிறுத்திவிட்டுப் போகிறான். பிள்ளையிடமும் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் பிரயாணம், சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றுமில்லை. அந்த நூலை எழுதியதாகச் சொல்லப்படுகிற புனைபெயர்க்காரனுக்கே 'மௌன யோஹன்னஸ்' என்றுதான் பெயர். ஆபிரகாமை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று அவன் திரும்பத் திரும்ப ஒப்புக்கொள்கிறான். இதில் எது உயர்ந்தது என்பது என் பேச்சல்ல. இரண்டும் ஒன்றல்ல.

பெரியபுராணத்தில் ஒப்பு வேண்டுமென்றால் கண்ணப்பரிடம் போயிருக்க வேண்டும். கூட வந்த நாணனும் காடனும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று விட்டுப் போகிறார்கள். தகப்பன் வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை. வாயில் நீரும் கையில் இறைச்சியுமாக அவர் செய்தது ஆகமப்படி அனாசாரம்; சிவகோசரியார் பதறியதில் தப்பே இல்லை. விதிக்கு வெளியே, யாரிடமும் விளக்க முடியாமல், ஒருத்தன். அந்த வேடனைக் கல்லாக்கி அறுபத்து மூவர் வரிசையில் நிறுத்திக் கும்பிடுகிறோம். கல்லாக இருக்கும் வரைக்கும் தொந்தரவில்லை. கீர்க்கெகார்ட் 1850-ல், பின்பற்றுகிறவன் வேறு, வியந்து நிற்கிறவன் வேறு என்று பிரித்தது இதைத்தான்.

இனி என் காரணம்.

1978-ல் பாளையங்கோட்டையில் என்னோடு படித்த சிநேகிதன் ஒருவன், மிஷன் கிராமத்துப் பையன், எங்கள் வீட்டுக்கு வந்தான். ஜங்ஷனிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் வந்து இறங்கினோம். கீர்க்கெகார்டை எனக்குக் கொடுத்தவனே அவன்தான். லௌரியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, அட்டை கிழிந்த பிரதி. திண்ணையில் உட்கார்ந்து ஆபிரகாமைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். அம்மா காப்பி கொண்டுவந்தாள். எனக்கு வீட்டு டம்ளர். அவனுக்குக் கொல்லைப்புறத்து மாடத்திலிருந்து எடுத்த அலுமினிய டம்ளர். "குடிச்சிட்டு அங்கனயே வச்சிருங்க தம்பி" என்றாள், மரியாதையாகத்தான். அவன் குடித்தான், வாசல் குழாயில் கழுவினான், திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைத்தான். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று என் மௌனத்துக்கு ஆபிரகாமின் மௌனத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஒரு மாதத்தில் கவிதை எழுதினேன். கவிழ்ந்த டம்ளர், அதன் விளிம்பில் நிற்கும் நீர், உள்ளே அடைபட்ட இருட்டு. சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. அந்நியமாதலின் துல்லியமான படிமம் என்று இரண்டு பேர் கடிதம் போட்டார்கள். அவனிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தான்.

"நல்லாத்தான் இருக்கு வே. ஆனா டம்ளரைக் கழுவுனது நான்லா. நீ எப்படி 'நான்'னு எழுதுன?"

கோபமாகக் கேட்கவில்லை. நான் உருவகம், கவிதைசொல்லி என்று என்னவோ சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனான். பிறகு எங்கள் ஊருக்கு அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. லௌரி புஸ்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கவிதை பின்னால் என் தொகுப்பிலும் இடம் பெற்றது, 'நான்' என்கிற வார்த்தையை மாற்றாமல்; மாற்றினால் கவிதை தட்டையாகிவிடும் என்று அப்போது தோன்றியது.

தன்னுடையதல்லாத குரல்களுக்கெல்லாம் வேறு வேறு பெயர் வைத்து, என் பெயரைப் போடாதே என்று கெஞ்சிய ஒருவரைப் பற்றி நண்பர் மறுபடி எழுதுவார் என்று நம்புகிறேன். அப்போது அந்த மூன்று மேற்கோள்களுக்கும் கீழே யார் சொன்னது என்று திருத்திப் போடட்டும். என் தொகுப்பின் இருபத்தோராம் பக்கத்தில் செய்ய வேண்டிய திருத்தத்தை நான் இங்கே செய்துவிட்டேன்.