துக்கம் விசாரிக்கும் இளையோர்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் துப்பாக்கிச் சூடு என்றதும், பள்ளிக்குள் ஒருவன் புகுந்து பலரைச் சுட்டுக்கொன்ற செய்திகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நாட்டின் பெருநகரங்களில் உயிர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டாக, தெருமுனையிலும் வீட்டு வாசலிலுமே பறிக்கப்படுகின்றன. சிக்காகோ நகரில் மட்டும் 2016ஆம் ஆண்டில் 750க்கும் அதிகமானோர் கொலையுண்டனர். 2021இல் அவ்வெண்ணிக்கை 800ஐ நெருங்கியது. இறந்தவர்களில் மிகப் பலர் நகரின் தெற்கு, மேற்குப் பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்கள்.

அப்பகுதிகளில் ஒன்று நார்த் லாண்டேல். 1966ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் கிங் வந்து தங்கிப் போராடிய இடம் அது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 2009ஆம் ஆண்டில், 'பீஸ் வாரியர்ஸ்', அதாவது அமைதிப் போராளிகள் என்ற மாணவர் குழு உருவானது. கிங் வகுத்த அகிம்சை நெறிகளைப் பயின்ற இம்மாணவர்கள், சண்டை மூளும் இடத்தில் சமரசம் பேசினார்கள். அதைவிட முக்கியமான மற்றொரு பணியையும் செய்தார்கள். உடன் படிப்பவர் ஒருவரது உறவினரோ நண்பரோ சுடப்பட்டு இறந்தால், அவரைத் தேடிச் சென்று, அணைத்துக்கொண்டு, அருகில் அமர்ந்தார்கள். நாம் துக்கம் விசாரித்தல் என்கிறோமே, அதேதான்.

இதனால் துப்பாக்கிச் சூடு எப்படிக் குறையும் என்று கேட்கலாம். 2013 ஜனவரி 29 அன்று, ஹதியா பெண்டில்டன் என்ற 15 வயது மாணவி, தேர்வு முடித்து, பூங்கா ஒன்றில் தோழர்களோடு மழைக்கு ஒதுங்கி நின்றபோது சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்குச் சில நாள்களுக்குமுன்தான், அரசுத்தலைவர் ஒபாமா இரண்டாம் முறை பதவியேற்ற விழாவையொட்டி, தன் பள்ளிக்குழுவோடு வாஷிங்டன் சென்று வந்திருந்தார். முந்தைய ஆண்டில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பழிவாங்க வந்தவர்கள், எதிரிக்குழுவினர் என்று தவறாக எண்ணிச் சுட்டார்கள் என்பது காவல்துறையின் விளக்கம். ஆக, அடுத்த குண்டு பலநேரங்களில் ஒரு துக்க வீட்டிலிருந்து புறப்படுகிறது. அந்த வீட்டுப் பிள்ளையைத் தனியே விடாதிருப்பது, பழியின் சங்கிலியை அறுக்கும் முயற்சி.

ஹதியாவின் தோழர்கள் ஆரஞ்சு நிற உடை அணியத் தொடங்கினார்கள். வேட்டைக்குச் செல்பவர்கள், பிறர் தங்களை விலங்கென்று எண்ணிச் சுட்டுவிடாதிருக்க அணியும் நிறம் அது. 2015இல், அவரது பிறந்த நாளான ஜூன் 2, அந்நாட்டில் துப்பாக்கி வன்முறை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

நகரின் தென்பகுதியில் உள்ள புனித சபினா பங்கும் இப்பணியில் ஊன்றி நிற்கிறது. அருள்பணி மைக்கேல் ஃபிளெகர் வழிநடத்தும் கோடைக்கால வெள்ளி மாலை அமைதி ஊர்வலங்கள் பலரும் அறிந்தவை. அப்பங்கின் 'பிரேவ்' இளையோர் குழுவில் வளர்ந்த ஒருவரின் அண்ணன், 2006ஆம் ஆண்டில், 18 வயதில், ஆலயத்திற்கு வெளியே இசைக்கருவிகளை இறக்க உதவிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தவர். 2018 மார்ச் 24 அன்று வாஷிங்டனில் நடைபெற்ற மாபெரும் பேரணியில் அந்தத் தம்பி பேசினார். நார்த் லாண்டேல் மாணவர் இருவர், வாயில் ஒட்டுநாடாவுடன் அதே மேடைக்கு வந்தனர். புளோரிடாவின் பார்க்லேண்டு பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த பேரணி அது. சிக்காகோவின் பிள்ளைகளைக் கேட்க, ஊடகங்களுக்கு இன்னோர் ஊரின் துயரம் தேவைப்பட்டது வேதனையே. தங்களைத் தேடிவந்த கவனத்தை இவர்களோடு பகிர்ந்துகொள்ள முன்வந்த பார்க்லேண்டு மாணவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

துப்பாக்கிகள் வரும் வழியை இளையோரால் அடைக்க முடியாது. சிக்காகோவில் குற்றங்களோடு தொடர்புடையதாகப் பிடிபட்ட துப்பாக்கிகளில் பாதிக்கும் மேல் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவை என்றும், அதில் அண்டை மாநிலமான இந்தியானாவுக்கே முதலிடம் என்றும் 2017ஆம் ஆண்டின் மாநகர அறிக்கை கூறியது. சட்டம் செய்ய வேண்டிய வேலையைச் சிறுவர்கள் தலையில் சுமத்திவிட்டுக் கைதட்டுவது நியாயமல்ல.

சிக்காகோவின் கொலை எண்ணிக்கை 2024இல் 600க்குக் கீழே இறங்கி, 2025இல் மேலும் வெகுவாகக் குறைந்தது. நாடெங்கும் குறைந்த காலம் அது என்பதால், இளையோரை மட்டுமே காரணமாகக் காட்ட முடியாது. ஆயினும், 2022ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், தெருக்களில் இறங்கி வன்முறையைத் தடுக்கும் குழுக்களுக்கென 25 கோடி டாலரை ஒதுக்கியது, இத்தகைய பணிக்குக் கிடைத்த அங்கீகாரம். 2025 ஏப்ரலில் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம், இத்தகைய குழுக்கள் பெற்றுவந்தவை உட்பட, நூற்றுக்கணக்கான உதவித்தொகைகளை இடையிலேயே நிறுத்தியது. பழிவாங்கப் புறப்படும் இளைஞனை இரவில் வழிமறித்துப் பேசிவந்தவர்களில் பலர், அதனால் வேலை இழந்தார்கள்.